642-க்குப் பிடி மாற்றும்போது பார்க்க வேண்டியவை

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 போன்ற குட்டி ரிவால்வருக்குப் புதுப் பிடி தேடும் எல்லாரும் ரப்பரா மரமா என்ற கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் தெரிய வேண்டியது, டிரிகரில் உங்கள் விரல் எந்த இடத்தில் விழுகிறது என்பது. அடுத்தது பிடியின் நீளம். இந்த இரண்டும் அமைந்துவிட்டால் எந்தப் பொருளில் செய்த பிடியாக இருந்தாலும் சமாளிக்கலாம்.

642-இன் எடை சுமார் 410 கிராம். அலுமினியக் கலவை ஃபிரேம் (எல்லா உறுப்பையும் தாங்கும் உடல்), இரண்டு அங்குலத்துக்கும் குறைவான குழல், .38 ஸ்பெஷல் தோட்டா ஐந்து. ஒவ்வொரு முறையும் டிரிகரை முழு நீளத்துக்கு இழுத்தாக வேண்டும். அதற்கு ஏறக்குறைய 12 பவுண்ட், அதாவது ஐந்தரை கிலோ அளவு விசை வேண்டும். துப்பாக்கியின் எடையைப் போலப் பதின்மூன்று மடங்கு. கையில் பிடி சரியாக உட்காராவிட்டால், விரலின் பலம் டிரிகரை நகர்த்துவதற்குப் பதிலாகக் குழலைத்தான் நகர்த்தும். குறி தப்புவதற்கு உதைப்பை மட்டுமே குற்றம் சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

கடைக்குப் போகும் முன் ஃபிரேம் எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 642-இல் இருப்பது ஜே-ஃபிரேம், ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் குட்டி ரிவால்வர்களுக்கான ஃபிரேம். அது 1950-இல் வந்தது. பழைய மாடல் 36 போன்றவற்றில் அடிப்பகுதி உருண்டையாக இருக்கும் ரவுண்ட் பட், மூலை துருத்தியிருக்கும் ஸ்கொயர் பட் என இரண்டு வகையும் உண்டு. 1990-களின் நடுவிலிருந்து வருபவை ரவுண்ட் பட். ரவுண்ட் பட் ஃபிரேமுக்குப் பெரிய, சதுர வடிவப் பிடியைப் போடலாம். ஸ்கொயர் பட் ஃபிரேமில் ரவுண்ட் பட் பிடி ஏறாது. இரும்பின் மூலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சுத்தியல் எப்படி என்பதையும் பார்க்க வேண்டும். 442, 642, 640 மூன்றிலும் சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் பின்பக்கம் மேடாக எழும். அந்த மேடு வரை ஏறும் பிடிப் பலகைகளை, சுத்தியல் வெளியே தெரியும் 36, 637 மாடல்களில் பொருத்த முடியாது. ரூகர் நிறுவனத்தின் குட்டி ரிவால்வர்களான எல்சிஆர், எஸ்பி101 இரண்டிலும் பிடி மாட்டுவதற்கு ஒரு சிறிய முளை மட்டுமே இருக்கிறது. ஜே-ஃபிரேம் பிடி எதுவும் அவற்றில் சேராது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனே செய்யும் பாடிகார்ட் 38-உம் அளவில் கிட்டத்தட்ட 642 போல இருந்தாலும் அதன் பிடி தனி.

இனி விரல். சிலிண்டரைத் திறந்து ஐந்து தோட்டாக்களையும் எடுங்கள். ஐந்து என்று எண்ணுங்கள். வேறு அறையில் வைத்துவிட்டு வந்து ஐந்து துளையையும் மறுபடி பாருங்கள். மருந்து இல்லாத டம்மி தோட்டா இருந்தால் போட்டுக்கொள்ளலாம். குழலும் முன்கை எலும்பும் ஒரே கோட்டில் வரும்படி, கையை எவ்வளவு மேலே ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றிப் பிடியுங்கள். பாதுகாப்பான பக்கம் நீட்டிக்கொண்டு விரலை டிரிகரில் வையுங்கள். இந்தக் கனமான டிரிகருக்கு முதல் கணு மடிப்போ அதற்குச் சற்று முன்னால் உள்ள சதையோ படுவது நல்லது. மடிப்பைத் தாண்டி விரல் உள்ளே போனால், இழுத்து முடிக்கும்போது விரல் நுனி கட்டைவிரலில் இடிக்கும். நுனி மட்டுமே எட்டினால், எட்ட வைப்பதற்காகத் தெரியாமலே துப்பாக்கியைக் கைக்குள் திருப்பிப் பிடிப்பீர்கள். உதைப்பு முழுவதும் கட்டைவிரலின் அடிமூட்டில் இறங்கும். முன் சைட்டைப் பார்த்தபடி பத்து முறை மெதுவாக இழுத்தால் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று தெரிந்துவிடும்.

இந்த ஒரு சோதனையிலேயே பாதி முடிவு வந்துவிடும். பிடியில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, ஃபிரேமின் முதுகு இரும்பை வெளியே விட்டு இரு பக்கமும் பலகை மட்டும் வைப்பது. மற்றது முதுகையும் சேர்த்து மூடுவது. மூடும் வகை உள்ளங்கைக்கும் டிரிகருக்கும் இடையே சில மில்லிமீட்டரைக் கூட்டுகிறது. பெரிய கைக்கு அது வரம். சின்னக் கைக்குத் தொல்லை. "மெத்தென்று இருக்கிறது, உதைப்பு தெரியவில்லை" என்ற பாராட்டை நம்பிச் சின்னக் கைக்காரர்கள் மூடிய வகையை வாங்கி, டிரிகர் எட்டாமல் திண்டாடுவது சகஜம். ஹோக் டேமர், பக்மைர் டிசெலரேட்டர் வகைப் பிடிகள் உதைப்பை நன்றாகவே வாங்கிக்கொள்ளும். ஆனால் விரல் எட்டாத துப்பாக்கியில் அந்த மென்மையால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

பலரும் விட்டுவிடும் இடம், டிரிகர் வளையத்துக்குப் பின்னால் இருக்கும் குழி. பழைய மெல்லிய மரப் பலகைகள் அந்த இடத்தைக் காலியாக விடும். ஒவ்வொரு சூட்டுக்கும் வளையத்தின் பின்விளிம்பு நடுவிரல் கணுவைத் தட்டும். ஒரு பெட்டி தோட்டா முடிவதற்குள் கணு சிவந்துவிடும். அந்தக் குழியை நிரப்பும் பிடியே போதும். பழைய பலகையின் அழகை விட மனமில்லாதவர்கள், டைலர் டி-கிரிப் என்ற சின்ன உலோகத் துண்டைப் பலகைகளுக்கு இடையே செருகிக்கொள்கிறார்கள். பல பத்தாண்டுகளாக இருக்கும் பொருள் அது; இன்றைக்கும் வேலை செய்கிறது.

நீளத்துக்கு வருவோம். சட்டைக்குள் துப்பாக்கியைக் காட்டிக்கொடுப்பது குழல் அல்ல, பிடியின் அடி. ஃபிரேமின் அடியோடு முடிந்துவிடும் பூட் கிரிப்பில் இரண்டு விரல்தான் பிடிக்கும், சுண்டுவிரல் கீழே மடங்கிக் கிடக்கும். மூன்று விரலுக்கும் இடம் தரும் பிடி ஓர் அங்குலம் போல நீளும். பாக்கெட்டில் வைப்பவர்கள் பூட் கிரிப்போடு நிற்பதே நல்லது. இடுப்பு பெல்ட்டில் வைத்துத் தளர்வான சட்டை போடுபவர்கள் நீளத்தைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். விரல் பள்ளம் வெட்டிய பிடிகளைக் கையில் வைத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். பள்ளத்தின் இடைவெளி உங்கள் விரலுக்கு ஒத்துவராவிட்டால் மேட்டின்மேல் விரல் நிற்கும். பள்ளமே இல்லாத பிடி அதைவிட எவ்வளவோ மேல்.

பொருளைத் தீர்மானிப்பது உடை. ரப்பர், துணியைப் பிடித்து இழுக்கும். சட்டை அதன்மேல் ஒட்டி நின்று துப்பாக்கியின் வடிவத்தை அப்படியே வெளியே காட்டும். பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போது உள்துணியும் கூடவே வரும். மரமும் ஜி10 என்ற கண்ணாடியிழைப் பலகையும் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். ஆனால் ஜி10-இல் சொரசொரப்பு அதிகமாக வெட்டியதை வெறும் உடம்பில் பட வைத்துக்கொண்டால் மாலைக்குள் தோல் உரியும். லேசர் உள்ள பிடிகளில் பொத்தான் நடுவிரலுக்கு அடியில் வருவது வழக்கம். அந்த விரலால் அழுத்தவும் பிடிக்கவும் ஒரே நேரத்தில் முடிகிறதா என்று பார்த்துவிட்டே பணத்தைக் கொடுங்கள். சாதாரண ரப்பர் பிடியைப் போலப் பல மடங்கு விலை அது.

இடது பலகையின் மேல் விளிம்பு சரிவாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஐந்து தோட்டாவையும் ஒரேயடியாக நிரப்பும் ஸ்பீட் லோடர் அதில் இடித்து நேராக உட்காராது. குட்டைக் குழலுக்கு எஜெக்டர் கம்பியும் குட்டை. காலிக் கேஸ்களை அது முழுவதுமாகத் தள்ளாது. அதோடு பலகையும் தடித்திருந்தால் ஒரு கேஸ் அங்கேயே தொங்கி நிற்கும். மரமாக இருந்தால் அரம் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துச் சரிசெய்யலாம். ரப்பரில் அது அழகாக வராது.

மாட்டும் வேலை சின்னதுதான், அவசரத்தில் கெடுவதும் அங்கேதான். ஸ்க்ரூவின் பள்ளத்தை முழுக்க நிரப்பும் டிரைவர் வேண்டும். இரண்டு பலகைப் பிடியில் ஸ்க்ரூவைச் சில சுற்று தளர்த்திவிட்டு, அதன் தலையை டிரைவரின் கைப்பிடியால் மெல்லத் தட்டினால் எதிர்ப்பக்கப் பலகை எழும்பி வரும். இடுக்கில் டிரைவரை விட்டு நெம்பினால் பலகை விளிம்பும் ஃபிரேமின் பூச்சும் சேர்ந்து போகும். ஹோக் மோனோகிரிப் ஒரே துண்டு. ஃபிரேமின் அடியில் குறுக்கே இருக்கும் 'பின்' என்ற சிறு கம்பியில் ஒரு கொக்கியை மாட்டி, பிடியைக் கீழிருந்து ஏற்றி, அடியிலிருந்து ஒரே ஸ்க்ரூவால் முறுக்க வேண்டும். பழைய துப்பாக்கியாக இருந்தால் அந்தப் பின் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மரப் பலகையை இறுக்கும்போது ஸ்க்ரூ நின்றதும் நிறுத்திவிடுங்கள். இன்னும் கால் சுற்று ஆசைப்பட்டால் துளையைச் சுற்றி விரிசல் விழும். உதைப்பில் ஸ்க்ரூ தளர்வதைத் தடுக்க லாக்டைட் 222 என்ற ஸ்க்ரூ பசை ஒரு சிறு துளி போதும். நட்டு பிளாஸ்டிக் என்றால் லாக்டைட் வேண்டாம், சில பிளாஸ்டிக்கை அது வெடிக்க வைக்கும். நிறமற்ற நகப்பூச்சு போதும். மாட்டி முடித்ததும் டம்மியோடு டிரிகரை இழுத்துப் பாருங்கள். சுத்தியலை அடிக்க வைக்கும் ஜே-ஃபிரேமின் சுருள் ஸ்பிரிங் பிடிக்குள்ளேதான் நிற்கிறது. பலகையின் உட்புறம் அதில் உரசினால் இழுப்பில் ஒரு கரகரப்பு தெரியும். அப்படியே விட்டால் தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமரில் அடி வலுவாக விழாமல் போகலாம்.

சுடும் இடத்தில் உதைப்பு குறைந்த தட்டைமுனைப் பயிற்சித் தோட்டாவான 148 கிரெய்ன் வாட்கட்டரில் தொடங்கி, பிறகு நிஜமாக வைத்திருக்கப் போகும் தோட்டாவுக்கு வாருங்கள். ஏழு கஜத்தில் ஐந்தும் வேகமாகச் சுடுங்கள். இலக்கில் துளைகள் எங்கே என்பதைவிட, முதல் சூட்டுக்கும் ஐந்தாம் சூட்டுக்கும் இடையே கையை மாற்றிப் பிடித்தீர்களா என்பது முக்கியம். மாற்றினீர்கள் என்றால் அந்தப் பிடி உங்களுக்கானது இல்லை.

பிடி வாங்க அமெரிக்காவில் உரிமம் தேவையில்லை, தபாலில் வீட்டுக்கே வரும். துப்பாக்கி அப்படி இல்லை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்திய சட்டத்தில் பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளே உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. மறைத்து எடுத்துச் செல்லும் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

பிடியை மாற்றினால் பழைய ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கி உறை, சேருமா என்றும் பாருங்கள். மேலே ஏறும் பலகைகள் சில ஹோல்ஸ்டரின் வாயில் இடிக்கும். உடம்போடு வைத்துக்கொள்பவர்கள் அவ்வப்போது பிடியைக் கழற்றி உள்ளே துடைக்க வேண்டும். அலுமினிய ஃபிரேமில் துரு வராது, ஆனால் ஸ்பிரிங்கும் அதன் கம்பியும் எஃகு; வியர்வை அங்கே போய்ச் சேரும். எண்ணெய் தோய்த்த துணியால் ஒரு முறை ஒற்றினால் போதும். மரப் பலகைக்குள் எண்ணெய் ஊறும்படி விடாதீர்கள்.