ஆனந்த ராகம்: மே மாதக் குறிப்புகள்

2 மே 2024, வியாழன், கிளிநொச்சி

பாடகி உமா ரமணன் நேற்றுச் சென்னையில் காலமாகிவிட்டார். எல்லோரும் 'நிழல்கள்' படத்தின் 'பூங்கதவே தாழ் திறவாய்' பாடலைப் பகிர்ந்து அஞ்சலி செலுத்துகிறார்கள். அது அஞ்சலிக்குத் தகுந்த பாடல்தான். எனக்கோ அதற்கு அடுத்த ஆண்டு, 1981இல், 'பன்னீர் புஷ்பங்கள்' படத்தில் அவர் பாடிய 'ஆனந்த ராகம்' நினைவுக்கு வந்தது. இசை இளையராஜா, வரிகள் கங்கை அமரன்.

மாலை வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. கைபேசியை மேசையில் வைத்து முழுப் பாடலையும் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் வயலின் படிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளை, "ரீச்சர், இது சந்தோஷமான பாட்டா, கவலையான பாட்டா?" என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

5 மே, ஞாயிறு

அவள் கேள்வி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறது. பாடல் தன்னை ஆனந்தம் என்கிறது. ராகமோ சிம்மேந்திரமத்திமம், 72 தாய் ராகங்களான மேளகர்த்தாக்களில் 57ஆவது. மைசூர் வாசுதேவாச்சாரியாரின் 'நின்னே நம்மிதி' கீர்த்தனையைக் கேட்டவர்களுக்கு இதன் ஏக்கம் தெரியும். 'சாதாரண காந்தாரம்' என்ற 'க'விலிருந்து 'பிரதி மத்திமம்' என்ற உயர்ந்த 'ம'வுக்குப் போக ஓர் அகன்ற தாண்டல். சுத்த தைவதம் என்ற 'த'விலிருந்து காகலி நிஷாதம் என்ற 'நி'க்கு அதே அளவில் இன்னொன்று. அந்த இரண்டு இடைவெளிகளிலும் மனம் ஒரு கணம் தரையில்லாமல் நிற்கிறது. இதே ஏழு சுரங்களை மேற்கத்திய இசைக்காரர்கள் ஹங்கேரியன் மைனர் என்பார்கள். ஆகவே வயலின் கூட்டத்துக்கு இந்த ராகம் அந்நியமில்லை.

இன்று காதுக்குள் இயர்போனைப் பொருத்தி, வயலின்களை மட்டும் பின்தொடர்ந்து கேட்டேன். அவை விரைகின்றன, பாடுபவர் விரையவில்லை. அவை கமகம் என்னும் சுர அசைவில்லாமல் நேர்ச்சுரங்களாக ஓட, உமா ரமணனின் குரல் மெல்லிய அசைவுகளோடு அவற்றின் மேல் நிதானமாகப் போகிறது. பதின்வயதுக் காதலின் படபடப்பு முழுவதும் தந்திகளில். குரலில் அதை ஏற்றுக்கொண்ட அமைதி. இரண்டையும் ஒரே வேகத்தில் ஓடவிட்டிருந்தால் இது வெறும் துள்ளல் பாட்டாகிப் போயிருக்கும்.

9 மே, வியாழன்

சிறுபோக வயலுக்குத் தண்ணீர் கட்டப் போன அண்ணா வெயிலில் கறுத்துத் திரும்பினார். பாடலை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். "டைனமோப் பாட்டு!" என்று சிரித்தார்.

தொண்ணூறுகளில் வன்னிக்கு மின்சாரமும் இல்லை, பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துத்தான் கசற் கேட்டோம். சுற்றுபவருக்குக் கை சோர்ந்தால் நாடா மெதுவாகும், சுருதி இறங்கும். மற்றப் பாடல்களில் அதைப் பொறுத்துக்கொள்வோம். இந்தப் பாடலின் வயலின்கள் இறங்கினால் அண்ணாவால் தாங்க முடியாது. என்னைத் தள்ளிவிட்டுத் தானே சுற்றுவார். அவர் சங்கீதம் படித்தவரல்லர்.

12 மே, ஞாயிறு

பிள்ளை பல்லவியைத் தானாகவே வயலினில் எடுத்து வந்திருந்தாள். எங்கோ இடறியது. பிரதி மத்திமம் விழவேண்டிய இடத்தில் விரலை ஒரு படி கீழே வைத்திருக்கிறாள். பாட்டு, மத்திமம் மட்டும் வேறான கீரவாணி ராகத்துக்குப் போய்விட்டது. நான் சொல்லவில்லை, மீண்டும் பாடலைப் போட்டேன். அவளே கண்டுபிடித்து விரலை நகர்த்தினாள். ஒரே சுரம்! கீரவாணியில் இதமாக இருந்தது, பிரதி மத்திமம் வந்ததும் பாட்டு கூர்மையாகிவிட்டது. "இரண்டும் சேர்ந்த பாட்டு, ரீச்சர்" என்றாள், தன் பழைய கேள்விக்குத் தானே பதிலாக.

18 மே, சனி

முள்ளிவாய்க்கால். 15 ஆண்டுகள். வகுப்பு இல்லை.

25 மே, சனி

உறவினர் வீட்டுக் கொண்டாட்டத்தில் ஓர் இசைக்குழு இதையே பாடியது. எனக்குக் கோபம்தான் வந்தது. வயலின் பகுதிகளை ஒருவர் கீபோர்ட்டில் தட்டி முடித்தார். இரண்டாம் சரணத்துக்கு முந்தைய இடையிசையை வெட்டிவிட்டார்கள். பாடிய பெண்ணுக்கு நல்ல குரல். ஆனால் எதற்கு எதிராக அவர் நிதானமாக இருப்பது? எதிரே ஓடுவதற்குத் தந்திகள் இல்லையே. இளையராஜா ஒவ்வொரு கருவிக்கும் தன் கையால் சுரம் எழுதிக் கொடுப்பவர். அந்தப் பகுதிகள் அலங்காரம் என்று நினைப்பவர்கள் பாட்டின் பாதியைக் கேட்கவேயில்லை.

இரவு மூன்று வயலின்களுக்குப் பகுதி பிரித்து எழுதத் தொடங்கினேன். முதல் வயலின் அவளுக்கு. இரண்டாவது, இன்னும் வர்ணம் என்ற பயிற்சி உருப்படிக்கு வராத தம்பிக்கு. அவனுக்கு நீட்டிப் பிடிக்கும் கார்வைச் சுரங்கள் மட்டும். மூன்றாவதை நானே வாசிக்கிறேன். கீழ்த்தந்தியில் ஓட்டம் குறையாமல் வாசிக்கப் பெரியவர் கை வேண்டும். முதல் இடையிசை முடிந்திருக்கிறது. இரண்டாவதில் வயலின்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும் இடம் இன்னும் பிடிபடவில்லை; நாளை மறுபடி கேட்டு எழுதவேண்டும்.