இரண்டுக்குப் பூஜ்யம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது புது வங்கியின் ஆப்பைத் திறந்து பார்த்தேன். போனஸ் 175 பவுண்டு என்று மேலே பச்சை எழுத்தில் இருந்தது. அதன் கீழே மூன்று நிபந்தனைகள். பழைய கணக்கை மாற்றியாயிற்றா, டிக். 1500 பவுண்டு உள்ளே வந்ததா, டிக். டைரக்ட் டெபிட் (மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் போகிற பில் பணம்), 2-க்கு 0. பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு வட்டம், பள்ளிக்கூடத்து விடைத்தாளில் வாத்தியார் போட்டது மாதிரி.

ஒன்பது வருஷமாக இங்கிலாந்தில் இந்தக் கவன்ட்ரியில் குப்பை கொட்டுகிறேன். மழை பெய்தால் குடை தேடுவதில்லை. மே மாதம் பதினெட்டு டிகிரி அடித்தால் நானும் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு ‘அப்பா, என்ன வெயில்’ என்கிறேன். இந்த ஊர்க்காரனாகவே ஆகிவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பாருங்கள், என் கணக்கிலிருந்து காசு எடுக்க இந்த நாட்டில் ஒருத்தருக்குக்கூட உரிமை இல்லை. நியாயமாகச் சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எனக்கோ தெருவில் எல்லா வீட்டுக்கும் கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டு நம் வீட்டை மட்டும் தாண்டிப் போன மாதிரி இருந்தது.

இதெல்லாம் ஆபீஸில் பக்கத்து சீட்டுப் பையன் கிளப்பிவிட்டது. மூன்று வருஷத்தில் நாலு தடவை வங்கி மாற்றி, அந்தப் போனஸ் காசிலேயே டெனரீஃப் தீவுக்குப் போய் வெயில் காய்ந்துவிட்டு வந்தவன். சாப்பாட்டு நேரத்தில், நீ எத்தனை வருஷமாக ஒரே வங்கியில் இருக்கிறாய் என்று கேட்டான். ஒன்பது என்றேன். கடித்துக்கொண்டிருந்த சாண்ட்விச்சை நிறுத்திவிட்டு, அவர்கள் உனக்கு என்ன கொடுத்தார்கள் என்றான். யோசித்துப் பார்த்தேன். ஒரு தினசரி காலண்டர்கூடக் கொடுக்கவில்லை.

ஊரிலிருப்பவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 2013 செப்டம்பரிலிருந்து வங்கி மாற்றுவது ரொம்பச் சுலபம். புது வங்கியில் போய், இன்ன வங்கியிலிருந்து வருகிறேன் என்று சொன்னால் போதும், ஏழு வேலை நாளில் எல்லாவற்றையும் அவர்களே இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். மாதாமாதம் போகிற பணம், வருகிற சம்பளம், மிச்சம் மீதி எல்லாம். பழைய கணக்கையும் அவர்களே மூடிவிடுவார்கள். தெரியாமல் யாராவது பழைய எண்ணுக்குப் பணம் போட்டாலும் அது மூன்று வருஷம் வரை புதுக் கணக்குக்குத் தானாக வந்து சேரும். இதுவரை ஒரு கோடி தடவைக்கு மேல் இப்படி மாறியிருக்கிறார்கள். ஆள் பிடிப்பதற்காக வங்கிகள் போனஸ் கொடுக்கின்றன. நம் ஊரில் புதுப் பாத்திரக்கடை திறந்தால் முதல் நூறு பேருக்கு பிளாஸ்டிக் குடம் கொடுப்பார்களே, அதே கதைதான். ஆனால் குடத்தை வாங்கிக்கொண்டு கடைப்பக்கமே வராதவர்களை அவர்களும் பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது, அதனால்தான் இந்த இரண்டு டைரக்ட் டெபிட். சும்மா கணக்கைத் திறந்து காசை வாங்கிக்கொண்டு ஓடுகிறவனா, குடும்பம் நடத்துகிறவனா என்று பார்க்கிற பரீட்சை.

நான் பாஸாகிவிடுவேன் என்றுதான் இருந்தேன். வீட்டு வாடகை மாதா மாதம் முதல் தேதி தானாகப் போகிறது. ஜிம்முக்கு ஒன்று போகிறது (நான் போவதில்லை, காசு மட்டும் போகிறது). படம் பார்க்கிற சந்தா ஒன்று. ஆக மூன்று. கேட்டதற்கு மேலேயே இருக்கிறதே என்று மிதப்பாக இருந்தேன். அப்புறம்தான் வங்கியின் சாட்டில் ஒரு பெண் பொறுமையாகப் புரியவைத்தாள். வாடகை ஸ்டாண்டிங் ஆர்டராம். அது நானே கொண்டுபோய்க் கொடுக்கிற மாதிரி. ஜிம்மும் படமும் கார்டு நம்பரை வைத்து எடுப்பது, அதுவும் சேராது. டைரக்ட் டெபிட் என்றால் வாங்குகிறவர் நம் அனுமதியோடு நேரே கணக்கிலேயே கைவிட்டு எடுத்துக்கொள்வது. எவ்வளவு, எந்தத் தேதி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு எடுப்பார்கள். தப்பாக எடுத்துவிட்டால் வங்கி உடனே முழுப் பணத்தையும் திருப்பித் தரவேண்டும் என்று ஒரு உத்தரவாதமும் உண்டு. இந்த ஊரில் 1964-லிருந்து இது நடக்கிறது. என் அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

சரி, கரண்ட் பில், தண்ணீர், கவுன்சில் டாக்ஸ் (நம் ஊர் வீட்டு வரி மாதிரி) இதெல்லாம் எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். அத்தனையும் மனைவியின் கணக்கில். கல்யாணமாகி வந்த இரண்டாவது மாதமே, நான் கவுன்சில் டாக்ஸ் கட்ட மறந்து சிவப்பு எழுத்தில் கடிதம் வந்த அன்றைக்கு, நிர்வாகம் கைமாறிவிட்டது. அதனால் ராத்திரி தோசை ஊற்றிக்கொண்டிருந்தவளிடம் மெதுவாகப் போய் நின்றேன்.

“உன்கிட்ட இருக்கிற டைரக்ட் டெபிட்ல ரெண்டு குடேன்.”

“எதுக்கு?”

சொன்னேன். தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, “175 பவுண்டா?” என்றாள்.

“ஆமாம்.”

“அப்ப நானும்ல மாத்தணும். என்னோடதக் கேக்காதீங்க.”

தண்ணீர் ஒன்றையாவது கொடு என்று கெஞ்சிப் பார்த்தேன். அசையவில்லை. சொத்துப் பிரிக்கிற வீட்டில் அண்ணன் தம்பிகள்கூட இவ்வளவு கறாராக இருக்கமாட்டார்கள். அங்கே வரவுக்கு அடித்துக்கொள்வார்கள், இங்கே செலவுக்கு.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோது திருத்துறைப்பூண்டி வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்துவிட்டது. மாதம் பிறந்தால் போதும், ஒவ்வொருத்தராக வருவார்கள். பால்காரர், பேப்பர்காரர், கேபிள்காரப் பையன், எல்ஐசி ஏஜென்ட். பால் கணக்கு சமையலறைக் கதவுக்குப் பின்னால் சாக்பீஸ் கோடாக இருக்கும், வாங்காத நாளுக்குக் கோட்டின் மேல் ஒரு சுழி. கேபிள் பையன் சைக்கிளை விட்டு இறங்காமலே சில்லறைக்குக் கையை நீட்டுவான். சீட்டு பிடிக்கிற அக்கா மட்டும் வந்தால் உட்கார்ந்துவிடுவார். மோர் குடித்து, தெருவில் யார் வீட்டில் என்ன என்று பூராவும் சொல்லி, கடைசியில் எழுந்திருக்கும்போதுதான் ‘அதக் குடுத்துடுங்க’ என்பார். காசு என்கிற வார்த்தையே வராது. அம்மாவும் முந்தானையில் தயாராக முடிந்துவைத்திருந்ததை, அப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி அவிழ்த்துக் கொடுப்பார். இரண்டு பேருக்கும் தெரிந்த நாடகம். கையில் காசு இல்லாத மாதம் என்னை வாசலுக்கு அனுப்பி ‘அம்மா குளிக்கிறாங்கன்னு சொல்லு’ என்பார். பதினோரு மணிக்கு வந்தாலும் குளியல், நாலு மணிக்கு வந்தாலும் குளியல். யார் வந்து கேட்டாலும் எப்படி ஒளிவது என்று கற்றுக்கொண்டு வளர்ந்தவன், இப்போது என்னிடமிருந்து மாதாமாதம் காசு எடுக்க யாராவது வரமாட்டீர்களா என்று தேடுகிறேன்.

மறுநாளே வேட்டையில் இறங்கினேன். போனில் அவ்வப்போது காசு போடுகிற சிம்மை விட்டுவிட்டு, மாதம் ஆறு பவுண்டுத் திட்டத்துக்கு மாறினேன். அவர்கள் வங்கியைக் காட்டுகிற சார்ட் கோடு ஆறு எண்ணும் கணக்கு எண் எட்டும் கேட்டார்கள், அவ்வளவுதான், ஒன்று ஆயிற்று. இரண்டாவதுக்கு என்ன செய்வது? இங்கே டிவி பார்க்கக் காசு கட்டி வாங்குகிற டிவி லைசென்ஸ் எடுக்கலாம் என்றால் வீட்டில் டிவியே இல்லை. 175-ஐ வாங்க அதற்குமேல் செலவழிக்கிற புத்திசாலித்தனம் எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. கடைசியில் பக்கத்து சீட்டுப் பையன்தான் வழி சொன்னான். ஏதாவது அறக்கட்டளைக்கு மாதம் இரண்டு மூன்று பவுண்டு கொடு, போனஸ் வந்ததும் நிறுத்திவிடு.

தர்மத்தில் இப்படி ஒரு கள்ளக்கணக்கு பார்ப்பதற்குக் கொஞ்சம் கூசியது. கூசினாலும் தேடினேன். ஆர்என்எல்ஐ என்று ஒன்று, 1824-லிருந்து இந்தத் தீவைச் சுற்றிக் கடலில் தத்தளிப்பவர்களைப் படகில் போய் மீட்கிறவர்கள். போகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாத தொண்டர்கள், பணமும் பெரும்பாலும் ஜனங்கள் கொடுப்பது. கவன்ட்ரியோ நாட்டின் நட்டநடுவில் இருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க இரண்டு மணி நேரம் போலக் கார் ஓட்டவேண்டும். இங்கே உட்கார்ந்துகொண்டு படகுக்குக் காசு கொடுக்கிறேன் என்று மனைவி சிரித்தாள். எனக்குக் கோடியக்கரைதான் கண்ணில் நின்றது. புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்ன ராத்திரிகளில் எங்கள் தெருவில் யாருக்கும் படகு கிடையாது, ஆனாலும் ‘போனவங்க திரும்பிட்டாங்களா’ என்று பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். சரி என்று மூன்று பவுண்டுக்குக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து என்ன, ஒரு பொத்தானை அமுக்குவதுதான்.

கணக்கில் பதிந்தால் மட்டும் போதாதாம். ஒரு தடவையாவது காசு போயிருக்கவேண்டும், அதுவும் கணக்கு தொடங்கி அறுபது நாளுக்குள். முன்னறிவிப்பு என்று வழக்கமாகப் பத்து வேலை நாள் விடுவார்கள். நடுவில் ஒரு வங்கி விடுமுறை வேறு. தினமும் பல் துலக்குவதற்கு முன்னால் ஆப்பைத் திறப்பது என்று ஆகிவிட்டது. 2-க்கு 0. 2-க்கு 0. ஒருநாள் போன்காரன் எடுத்தான், 2-க்கு 1. ஐம்பத்தாறாவது நாள் காலை படகுக்காரர்கள் மூன்று பவுண்டை எடுத்தார்கள், சிவப்பு வட்டம் பச்சையாயிற்று. கடலுக்கே போகாதவனையும் கரையேற்றிவிட்டார்கள். பணம் போனதற்காக வீட்டுக்குள் குதித்தவன் எங்கள் வம்சத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அடுத்த வாரம் 175 வந்தது. அம்மாவிடம் சொன்னதும், “நம்மூரு காசுக்கு எவ்வளவுடா?” என்றார். இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. “சும்மாவா குடுத்தான்?” என்று மூன்று தடவை கேட்டுவிட்டுப் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

அப்பாவுக்கு விஷயம் பிடிக்கவில்லை என்பது அவர் பேசாமல் இருந்ததிலேயே தெரிந்தது. முப்பத்தெட்டு வருஷமாக ஒரே வங்கி, ஒரே கிளை. பென்ஷன் வாங்கப் போவது என்றால் அவருக்கு அது அரை நாள் வேலை. பாஸ்புக்கை ஒரு ரெக்ஸின் உறையில் போட்டு, அந்த உறையை ஒரு மஞ்சப்பையில் போட்டு, பையைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு கிளம்புவார். அங்கே சணல் கட்டிய மூடியில்லாத பேனா, மேசை விளிம்பில் காய்ந்த பசை, ‘சார் வாங்க, டீச்சரம்மா எப்படி இருக்காங்க’ என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து விசாரிக்கிற கேஷியர். அக்கா கல்யாணத்துக்கு மேனேஜரிலிருந்து பியூன் வரைக்கும் வெற்றிலை பாக்கு வைத்துப் பத்திரிகை கொடுத்தார். கிளையோடு வந்து சாப்பிட்டார்கள். மொய் நோட்டில் ‘பேங்க் ஸ்டாஃப், 501’ என்று இப்போதும் இருக்கும்.

“பழைய பேங்க்ல சொல்லிட்டு வந்தியா தம்பி?” என்றார்.

“சொல்றதுக்கெல்லாம் ஒண்ணுமில்லப்பா. அதுவா மூடிடும்.”

“அதில்ல. அவங்க என் பேர்லல்ல உனக்கு லெட்டர் போட்டாங்க.”

அதுவும் உண்மைதான். 2016-இல் இங்கே வந்து இறங்கியபோது வீடு வேண்டுமென்றால் வங்கிக் கணக்கு கேட்டார்கள், கணக்கு வேண்டுமென்றால் வீட்டு விலாசம் கேட்டார்கள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். இரண்டு இடத்தில் கைவிரித்த பிறகு மூன்றாவது இடத்தில், கழுத்தில் கண்ணாடியைக் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருந்த ஒரு அம்மா ஆபீஸ் கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, சரி உட்கார் என்றார். குடும்பப் பெயர் என்ன என்றார். அது எங்களுக்குக் கிடையாது, இனிஷியல் உண்டு, அது அப்பாவுடைய பெயர் என்றேன். அப்படியானால் அதையே போடுகிறேன் என்று போட்டுவிட்டார். அன்றிலிருந்து ஒன்பது வருஷம் அந்த வங்கி ‘டியர் மிஸ்டர்’ என்று அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் எனக்கு எழுதியது. 2019-இல் அவர் இங்கே வந்திருந்தபோது வாசலில் விழுந்த கடிதத்தை எடுத்துப் பார்த்து, லண்டன் பேங்க்காரன் எனக்கு எதுக்கு எழுதறான் என்று மிரண்டுபோனார் (அவருக்கு இங்கிலாந்து பூராவும் லண்டன்தான்). விவரம் சொன்னதும் அதில் ஒன்றை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார். வட்டி விகிதம் மாறுகிறது என்கிற கடிதம். ஊரில் கேஷியருக்குக் காட்டினாராம்.

புது வங்கி கடிதமே போடுவதில்லை. ஆப்பில் என் பெயரை மட்டும் சொல்லி ‘ஹாய்’ என்கிறது.

சனிக்கிழமை காய் வாங்கப் போனபோது, வேறு வேலை இல்லாத மாதிரி, அந்தப் பழைய கிளை இருந்த தெரு வழியாகப் போனேன். அந்தப் பக்கம் போயே நாலைந்து வருஷம் இருக்கும். இந்த நாட்டில் 2015-க்குப் பிறகு ஆறாயிரத்துக்கு மேல் கிளைகளை மூடியிருக்கிறார்கள், அதில் இதுவும் ஒன்று. இப்போது வாஃபிள் கடை. ஏடிஎம் இருந்த ஓட்டையைச் சதுரமாகப் பலகை வைத்து அடைத்து, அதன்மேல் இளஞ்சிவப்பு பெயின்ட் அடித்திருக்கிறார்கள், ஆனாலும் அச்சுத் தெரிகிறது. உள்ளே போய், அந்த அம்மா உட்கார்ந்திருந்த இடம் என்று குத்துமதிப்பாக ஒரு மேசையில் உட்கார்ந்து, சாக்லேட் ஊற்றின ஒன்றை வாங்கி, புதுக் கார்டைத் தொட்டுக் காசு கொடுத்தேன். பாதிக்கு மேல் சாப்பிட முடியவில்லை, அவ்வளவு தித்திப்பு.

ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்தார். எடுத்ததும் அதைத்தான் கேட்டார்.

“சொல்லிட்டேன்ப்பா. நேர்லயே போயிட்டு வந்தேன்.”

“என்ன சொன்னாங்க?” என்றார்.