கண்டென்சர் மாத்துறதுக்கு முன்னாடி ஒரு வகுத்தல் கணக்கு

ஆலங்குளம், திசையன்விளை பக்கமெல்லாம் வீடு ரோட்டோரம் இருக்கும், போர் (ஆழ்துளைக் கிணறு) தோட்டத்தின் கடைசியில் இருக்கும். 1 ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் உறுமிட்டு நின்னு ஓவர்லோடு சுவிட்ச் விழுந்தால், முதல் பழி மோட்டார் கிளம்ப உதவுகிற கண்டென்சர் மேலதான். புதுசு மாட்டுவாங்க, கொஞ்ச நாள் ஓடும், திரும்பவும் உறுமும். பல இடத்தில் கோளாறு மோட்டாரிலும் இல்லை, கண்டென்சரிலும் இல்லை. நடுவில் கிடக்கிற ஒயரில் இருக்கு. அதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர், ஒரு கிளாம்ப் மீட்டர் (ஒயரைக் கவ்விப் பிடித்தே ஆம்பியர் காட்டுவது), பள்ளிக்கூடத்துக் கணக்கு போதும்.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். பெருக்கினால் வாட். 230 வோல்ட்டில் 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 4.35 ஆம்பியர் இழுக்கும். அதன் மின்தடை 52.9 ஓம். சாயங்காலம் லைனில் 190 வோல்ட்தான் வருதுன்னா, 190-ஐ 190-ஆல் பெருக்கி 52.9-ஆல் வகுங்க: 682 வாட். வோல்டேஜ் குறைந்தது ஆறில் ஒரு பங்கு, சூடு குறைந்தது மூன்றில் ஒரு பங்கு.

இந்தக் கணக்கு அயர்ன் பாக்ஸுக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் நேராகப் பொருந்தும். மோட்டாருக்குப் பொருந்தாது. மோட்டார் சுருளை மல்டிமீட்டரில் பார்த்தால் மூணு நாலு ஓம்தான் காட்டும். அதை வைத்து 230-ஐ வகுத்தால் 60, 70 ஆம்பியர் வரும். ஓடுகிற மோட்டாரோ ஏழெட்டு ஆம்பியர்தான் இழுக்கும். சுற்றும்போது சுருளுக்குள்ளே எதிர் வோல்டேஜ் பிறந்து மின்னோட்டத்தைத் தடுக்கிறதுதான் காரணம். ஆகவே சுருளின் ஓம் காட்டுவது சுருள் அறுந்திருக்கா, ஷார்ட் ஆகியிருக்கா என்பதை மட்டும். பழைய குண்டு பல்பும் இப்படித்தான் ஏமாற்றும்: 100 வாட் பல்புக்கு எரியும்போது 529 ஓம், அணைந்து ஆறியபின் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

ஒயருக்கு அந்த வம்பு இல்லை. மோட்டார் ஓடும்போது வீட்டு மெயின் போர்டில் வோல்டேஜ் பாருங்க, அதே நேரம் போர் பக்கத்து ஸ்டார்ட்டர் பெட்டியிலும் பாருங்க. ஆளுக்கொரு மீட்டரோடு இரண்டு பேர், போனில் பேசிக்கிட்டே பார்ப்பது நல்லது. லைன் வோல்டேஜ் நிமிஷத்துக்கு நிமிஷம் ஆடும். மோட்டாரை நிறுத்திவிட்டு அளப்பதில் பிரயோஜனமே இல்லை. மின்னோட்டம் இல்லாவிட்டால் எவ்வளவு மோசமான ஒயரும் முழு வோல்டேஜைக் காட்டும். கிளாம்ப் மீட்டரில் ஒரே ஒயரை மட்டும் பிடிக்கணும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம்தான் வரும். பெட்டி திறந்திருக்கும்போது ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்காதீங்க. பழக்கம் இல்லாதவங்க எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியை விட்டே அளக்கச் சொல்லுங்க.

போர்டில் 218, ஸ்டார்ட்டரில் 203, மின்னோட்டம் 7.5 ஆம்பியர்னு வைங்க. வழியில் தொலைந்தது 15 வோல்ட். 15-ஐ 7.5-ஆல் வகுத்தால் 2 ஓம். இது ஒயரின் மின்தடை. 15-ஐயும் 7.5-ஐயும் பெருக்கினால் 112 வாட் சொச்சம், வழியிலேயே சூடாகப் போகுது.

இருக்க வேண்டியது எவ்வளவு? செம்பு ஒயர் ஒரு மீட்டருக்கு, 1 சதுர மி.மீ. கனத்துக்கு, ஏறக்குறைய 0.0175 ஓம். போர் 120 மீட்டர் தூரம்னா போக வர 240 மீட்டர். இந்த இரட்டிப்பை மறக்கிறவங்க ஏராளம். 2.5 சதுர மி.மீ. ஒயருக்கு 240 × 0.0175 ÷ 2.5 = 1.68 ஓம். அளந்ததோ 2 ஓம். மிச்சம் 0.32 ஓம் எங்கேயோ ஜாயின்ட்டில் உட்கார்ந்திருக்கு. 7.5 × 7.5 × 0.32 = 18 வாட். கேட்கச் சின்னதுதான், ஆனால் சால்டரிங் அயர்னே 25 வாட்தான். ஒரே முறுக்கில் அந்தச் சூடு இறங்கினால் டேப் உருகும், ஃப்யூஸ் கட்டை கருகும், செம்பு கறுத்து மின்தடை இன்னும் ஏறும். அலுமினிய ஒயரையும் செம்பையும் வெறும் கையால் முறுக்கிவிட்ட இடத்தை முதலில் பாருங்க. அலுமினியத்துக்கு மீட்டருக்கு 0.028 ஓம், 4 சதுர மி.மீ. அலுமினியம் 2.5 செம்புக்குத்தான் சமம்.

உறுமலுக்குக் காரணம் ஸ்டார்ட்டிங்கில் இருக்கு. அப்போது 30 ஆம்பியர் இழுத்தால் இந்த 2 ஓம் ஒயரில் 60 வோல்ட் போச்சு. 218-இல் 158 மிச்சம். மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தோடு போகும். 230-இல் இருக்க வேண்டியதில் பாதிகூட வராது. 4 சதுர மி.மீ. செம்பு போட்டு ஜாயின்ட்டைச் சரியாக்கினால் 1.05 ஓம், 186 வோல்ட் கிடைக்கும், முறுக்குவிசை மூன்றில் இரண்டு பங்காகும். கண்டென்சர் நல்லதா இருந்தால் மோட்டார் எழுந்திடும்.

இன்னொன்று: மோட்டாருக்கு வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதை வாட்னு எழுதிடாதீங்க. 225 × 6.5 = 1462 என்பது வோல்ட்-ஆம்பியர். நிஜ வாட் வேணும்னா மற்ற எல்லாவற்றையும் அணைச்சிட்டு ஈ.பி. மீட்டரில் சிமிட்டுகிற சிவப்பு விளக்கை எண்ணுங்க. யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல்னு மீட்டர் முகத்திலேயே அச்சடிச்சிருக்கும். 3200 என்றிருந்து ஒரு நிமிஷத்தில் 64 சிமிட்டினால் 0.02 யூனிட், மணிக்கு 1.2 யூனிட், அதாவது 1200 வாட். 1200-ஐ 1462-ஆல் வகுத்தால் 0.82, அதுதான் பவர் ஃபேக்டர். வீட்டு பில்லில் ஏறுவது 1200 வாட்டுக்குத்தான். ஒயரைச் சூடாக்குவது முழு 6.5 ஆம்பியரும். ஒயர் கனத்தை எப்போதும் ஆம்பியரைப் பார்த்தே வாங்குங்க.