அம்மாயி பார்த்த மணி

"உங்க அம்மாயிதான் பாத்துச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டேன். தை மாதம் சொன்னது. இன்னும் அந்த ஒரு வரி என்னை விடவில்லை.

அந்தப் பிள்ளை கைக்குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தைக்கு ஜாதகக் குறிப்பு எழுத வேண்டும். ஆஸ்பத்திரியில் நேரம் எழுதிக் கொடுத்திருந்தார்கள்: முற்பகல் 11.26. நான் பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது சும்மா பேச்சுக்குக் கேட்டாள். "ஐயா, எனக்கு விடியக்காலம் 3.52னு போட்டிருக்கீங்களே, அது யாரு பாத்தது? அம்மாவுக்கு மணிக்கூடு பாக்கவே தெரியாதே."

யார் பார்த்தார்கள்? யாரும் பார்க்கவில்லை. நான் போட்டேன்.

அதைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்ததாகக்கூட ஞாபகம். ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவள் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள், கும்ப லக்னக்காரிக்குப் பிடிவாதம் அதிகம் என்று புருசன் கேலி பண்ணுகிறானாம். போனில் கும்ப லக்னத்தைப் பற்றி வருவதையெல்லாம் அவளும் வாசிக்கிறாளாம், அப்படியே தன்னைப் பற்றி எழுதினது போல இருக்கிறதாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, நீ கும்பமோ மீனமோ எனக்கே தெரியாது பிள்ளை என்று எப்படிச் சொல்வது? வாயில் வந்தது அம்மாயி, அவளுடைய அம்மாவைப் பெற்றவர்.

அந்த அம்மாயிதான் அன்றைக்கு அந்த நேரக் கதையை மறுத்த ஒரே ஆள்.

நாலு வருசத்துக்கு முன் நடந்தது இது. தாயும் அம்மாயியும் வந்திருந்தார்கள். 1999 சித்திரையில் பிறந்த மகள், மகம் நட்சத்திரம். மாப்பிள்ளை வீட்டில் முழுக் குறிப்பு கேட்டிருந்தார்கள், அதுவும் செவ்வாய் தோஷம் இல்லாத சுத்த ஜாதகமாக இருக்க வேண்டுமாம். கொண்டுவந்த பிறப்புப் பத்திரத்தில் தேதி இருந்தது, நேரம் இல்லை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்த பிள்ளை. லொறி கேட்டு தகப்பன் மேலே ஓடினவர் திரும்பி வருவதற்குள் பிறந்துவிட்டது.

"விடியக்காலங்க ஐயா. ராக்கோச்சி கூவிக்கிட்டுப் போச்சு, அதுக்குப் பொறகு புள்ள விழுந்துச்சு." ராக்கோச்சி என்றால் ராத்திரி ரயில்.

"எத்தன மணி இருக்கும்?"

"மூணரை, நாலு... நாலரைக்குள்ளதாங்க."

எங்கள் பக்கம் இது புதிதில்லை. காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பிரட்டுத் தப்பு அடித்த பிறகு, ரெண்டாவது கொழுந்து நிறுவைக்கு முன்னால், சங்கு ஊதும்போது என்று பிறந்தவர்களுக்குத்தான் முக்கால்வாசிக் குறிப்பு எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும். பத்துப் பொருத்தம் நட்சத்திரத்தை வைத்து. ஒரு மணி நேரம் முன்பின் ஆனாலும் அது அசையாது. தசை இருப்பு, அதாவது பிறக்கும்போது நடக்கிற கிரக தசையில் மிச்சமிருக்கும் காலம், மட்டும் கொஞ்சம் நகரும். சுக்கிர தசை 20 வருசம் என்பதால் அதில் பிறந்தவருக்கு ஒரு மணி நேரப் பிழை பத்து மாதத்தைத் தின்றுவிடும். இவளுக்கு மகம், கேது தசை 7 வருசம், மூன்றரை மாதம்தான் பிசகும். அதனால் யாருக்கும் நட்டமில்லை.

லக்னம் அப்படியில்லை. பிறக்கும் நேரத்தில் கிழக்கே ஏறுகிற ராசிதான் லக்னம். 24 மணி நேரத்தில் 12 ராசியும் கிழக்கே ஏறி முடிய வேண்டும். ராசிக்கு இரண்டு மணி நேரம், சிலதுக்கு அதைவிடக் குறைவு. நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை. அன்றைக்கு விடியக்காலம் கும்பம் முடிந்து மீனம் ஏறியது அன்றைய மணிக்கூட்டில் நாலு மணியைத் தாண்டி சில நிமிடங்களில். சரியாக அந்தத் தாய் சொன்ன மூன்றரைக்கும் நாலரைக்கும் நடுவில்.

போதாததற்கு அந்தக் காலத்து மணி வேறு. மின்வெட்டுக் காலத்தில், 1996 மே மாதம், இலங்கையில் நாட்டு மணியை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதே வருசம் அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தார்கள். 2006 ஏப்ரலில், சித்திரைப் பிறப்பையொட்டி, பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்கள். ஆக, 1999இல் பிறந்தவருக்கு மணிக்கூட்டு நேரத்தில் அரை மணியைக் கழித்துவிட்டுத்தான் கணக்கைத் தொட வேண்டும். கழித்த கணக்கில் மீனம் ஏறியது மூன்றரையைத் தாண்டித்தான். கழிக்க மறந்தால் அன்று மணிக்கூட்டில் 3.40க்குப் பிறந்த பிள்ளைகூட மீனத்துக்குப் போய்விடும். கழிக்காமல் எழுதின குறிப்புகள் எத்தனையோ என் கைக்கு வந்திருக்கின்றன. நான் கழித்தேன். அந்த விசயத்தில் என்னைக் குறை சொல்ல முடியாது என்று பல தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ரெண்டு கட்டமும் போட்டேன். அன்று செவ்வாய் துலாத்தில். கும்ப லக்னம் என்றால் 9ஆம் இடம், தோஷமில்லை. மீனம் என்றால் 8, மாங்கல்ய ஸ்தானம், பெண் பிள்ளைக்கு எவரும் வாய்விட்டுச் சொல்லப் பயப்படுகிற இடம். சந்திரன் சிம்மத்தில், சுக்கிரன் ரிஷபத்தில். அந்த இரண்டிலிருந்து எண்ணினாலும் தோஷம் வராது. எல்லாம் லக்னத்தில் வந்து நின்றது. இத்தனைக்கும் மீனக் கட்டம் மட்டமான கட்டமில்லை. லக்னத்திலேயே குரு ஆட்சியாக உட்கார்ந்திருக்கிறார். அப்படி ஒரு குருவை வைத்துக்கொண்டு எட்டாம் செவ்வாய்க்குப் பயப்படலாமா என்று நானே வாதாடுவேன். ஆனால் மாப்பிள்ளை வீட்டில் வாதம் கேட்கவில்லை, உண்டா இல்லையா என்றுதான் கேட்டார்கள்.

நடந்த சம்பவங்களை வைத்து நேரத்தைத் திருத்தலாம். செய்தும் பார்த்தேன். தகப்பன் அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே தவறிவிட்டார். கும்பத்துக்கு 9இல் செவ்வாய், சனி மேஷத்திலிருந்து நேராகப் பார்க்கிறார். தகப்பன் ஸ்தானம் அடிபட்டது, பொருந்துகிறது. மீனத்துக்கு 9ஆம் இடம் விருச்சிகம், அதன் அதிபதி செவ்வாய் 8இல் மறைந்தார்; அதுவும் பொருந்துகிறது. மாமாவிடம் தொழில் படித்த காலத்தில் இப்படிப் பொருந்தும்போது உடம்பு சிலிர்க்கும். ரெண்டு பக்கமும் பொருந்தும்போது என்ன செய்ய வேண்டும் என்று மாமா சொல்லித் தரவில்லை.

கே. எஸ். கிருஷ்ணமூர்த்தி என்ற ஜோதிடர் வகுத்த பத்ததியில் ஆளும் கிரகங்கள் என்று ஒரு வழி உண்டு. கணக்குக்கு உட்காருகிற நேரத்து லக்னம், நட்சத்திரம், கிழமை இவற்றின் அதிபதிகள் பதில் காட்டும். அதையும் பார்த்தேன். சாயங்காலம் ஒருமுறை. அது பிடிக்காமல் சாப்பிட்டுவிட்டு இன்னொரு முறை. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தக் கணக்கெல்லாம் அவர்கள் போன பிறகு, ராத்திரி. அதற்கு முன்னால் நடந்ததுதான் விசயம்.

தாய் கோச்சிக் கதையைச் சொல்லும்போது அம்மாயி வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்:

"அன்னைக்கி ஏதுடி கோச்சி? மண்ணு சரிஞ்சி ரெண்டு நாளு கோச்சியே வரலியே."

"சும்மா இருங்கம்மா. ஒங்களுக்கு என்னா ஞாபகம் இருக்கு."

அம்மாயி சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். அதற்குமேல் பேசவில்லை. நான் கடதாசியில் குனிந்துகொண்டேன்.

ஒரு கேள்விதான். "அப்ப அது என்னா சத்தம் பாட்டி?" கேட்டிருந்தால் ஃபெக்டரிச் சங்கு என்றிருப்பாரோ, லொறி ஹோர்ன் என்றிருப்பாரோ, சத்தமே இல்லை என்றிருப்பாரோ. தொப்புள்கொடி அறுக்கும்போது குப்பி லாம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது அவர்தான், தாயே சொன்னாள். வலியில் கிடந்தவளின் காதைவிட லாம்பு பிடித்தவரின் கண்ணைத்தான் நான் நம்பியிருக்க வேண்டும். பக்கத்து லயத்தில் வெளிச்சம் வந்துவிட்டதா, தப்பு அடித்தாயிற்றா, மலை விளிம்பு வெளுத்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நேரத்தை நெருக்குவதுதான் என் வேலை. வேறு எத்தனையோ பேரிடம் அப்படித்தான் கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்பது தெரிந்துதான் கேட்கவில்லை என்று சில நாள் தோன்றும். இல்லை, வயசானவரை மகளுக்கு எதிரே நிறுத்தக்கூடாது என்று விட்டேன் என்றும் தோன்றும். ரெண்டாவது காரணம் அன்று மனதில் இருந்ததா, பிறகு வந்து சேர்ந்ததா, தெரியவில்லை.

எழுந்து போகும்போது தாய் தட்டில் காசை வைத்துவிட்டு, "நீங்களே பாத்து ஒரு நேரம் போட்டுருங்க ஐயா" என்றாள்.

மாமாவாக இருந்தால் போட்டிருக்க மாட்டார். நேரம் தெரியாதவர்களுக்கு அவர் சந்திரனை லக்னமாக வைத்துப் பலன் சொல்லுவார். லக்னக் கட்டத்தில் 'ல' எழுதாமலே கொடுத்துவிடுவார். கேட்டால், "எழுதினா நாந்தான் பெத்தேன்னு ஆயிரும்" என்பார். அவர் காலத்தில் அந்தக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு போய்க் கலியாணம் பேசினார்கள். இப்போது 'ல' இல்லாத கட்டத்தை யார் வாங்குவார்கள்? அதுவும் பெண் பிள்ளைக்கு. மாப்பிள்ளைக்கு 8இல் செவ்வாய் இருந்தால் பரிகாரத்தோடு முடிகிற பேச்சு, பெண்ணுக்கு இருந்தால் வாசலோடு முடிந்துவிடும். தகப்பன் இல்லாத வீடு. தெரியாத ஒரு நேரத்துக்காக அந்தப் பிள்ளையை எட்டாம் செவ்வாய்க்காரி என்று நான் முத்திரை குத்த வேண்டுமா? கும்பம் பொய் என்றும் எவராலும் நிரூபிக்க முடியாதே. இதெல்லாம் நியாயமான காரணங்கள்தான். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அப்படியென்றால் 'நாலு மணிக்கு முன்' என்று எழுதியிருக்கலாம். 'சுமார் 3.45' என்றாவது எழுதியிருக்கலாம். நான் 3.52 என்று எழுதினேன். 3.50 என்றால் குத்துமதிப்பு என்று தெரிந்துவிடும். 3.52 என்றால் யாரோ லாம்பைத் தூக்கிப் பிடித்து மணிக்கூட்டைப் பார்த்தது போல இருக்கும். அந்த ரெண்டு நிமிடத்தில்தான் என் கை சுத்தமில்லை.

மாப்பிள்ளை வீட்டு ஜோசியர் பிறகு போன் பண்ணினார். "நேரத்த நல்லாத் துல்லியமாக் குறிச்சிருக்காங்க" என்றார். அந்த 3.52ஐ வைத்து, ராசியை ஒன்பதாகப் பிரித்துப் பார்க்கும் நவாம்சம் போட்டிருந்தார். நவாம்ச லக்னம் 13 நிமிடத்துக்கு ஒருமுறை மாறுவது. அதிலிருந்து ஏழாம் இடத்தைப் பார்த்து வரப்போகிறவனின் குணம்வரைக்கும் எனக்கு விளக்கினார். நான் "ஆமாங்க, ஆமாங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அருமையான விளக்கம், அதில் சந்தேகமில்லை.

கலியாணம் நடந்தது. நன்றாக இருக்கிறார்கள். ஏதாவது விபரீதம் நடந்திருந்தால் இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும் போல. ஒன்றும் நடக்கவில்லை என்பதால் கும்பம்தான் சரி என்று ஒரு மனசு சொல்கிறது. மீனமாகவே இருந்து லக்ன குரு காப்பாற்றினார் என்று இன்னொரு மனசு.

தை மாதம் அவளுடைய குழந்தைக்கு எழுதும்போது 11.26ஐ ஒரு கணம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதுவும் எந்தக் கணம்? தலை தெரிந்த நேரமா, முழுசாக வெளியே வந்த நேரமா, முதல் அழுகையா, கொடி அறுத்த நேரமா? இதில் எங்கள் ஆட்களுக்குள்ளேயே ஒத்த கருத்தில்லை. தாதி குழந்தையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து சுவரைப் பார்த்த நேரமாகக்கூட இருக்கும். ஆனாலும் யாரோ ஒருவர் பார்த்திருக்கிறார்.

"அம்மாயிக்கு மணி பாக்கத் தெரியுமா?" என்று அவள் கண்ணை விரித்தாள். "ஒரு நாளும் சொன்னதே இல்லியே."

"தெரியும்" என்றேன்.

அம்மாயி இப்போது இல்லை. போன வருசம் ஐப்பசியில் தவறிவிட்டார் என்று அவள்தான் சொன்னாள். குழந்தையின் குறிப்பை மஞ்சள் தடவிக் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

ரெண்டு நாள் கழித்துத் தாய் போன் பண்ணினாள். குழந்தையின் ஜாதகத்தைப் பற்றி நாலு வார்த்தை கேட்டாள், சொன்னேன். பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை. வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"எங்கம்மா மணி பாத்தாங்கன்னு புள்ளைகிட்ட சொன்னீங்களாங்க ஐயா?"

"ம்."

மறுபக்கம் யாரோ குழந்தையைக் கொஞ்சுகிற சத்தம் கேட்டது.

"நல்லதுங்க ஐயா" என்றாள். அந்த 'நல்லதுங்க' எந்த நல்லது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.