நிறுத்து என்று யாரும் எழுதாத மாத்திரை

வரும் ஐப்பசி வந்தால் எனக்கு இதயத்தில் அயோர்டிக் வால்வு மாற்றி ஒரு வருடம். நெஞ்செலும்பு கூடிவிட்டது, மாடி ஏறுகிறேன், ராத்திரி அமைதியில் உலோக வால்வு டிக் டிக் என்பதும் பழகிவிட்டது. ஆபரேஷனைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. என் புலம்பலெல்லாம் இதயத் துடிப்பின் தாளத்தைச் சீராக்கும் அமியோடரோன் என்ற ஒரு சின்ன வெள்ளை மாத்திரையைப் பற்றி. ஆறு வாரம், மிஞ்சினால் மூன்று மாதம் சாப்பிட வேண்டியதை எட்டு மாதம் விழுங்கியிருக்கிறேன்.

ஐ.சி.யு.வில் மூன்றாம் நாள் விடியற்காலை நெஞ்சுக்குள் மீன் துள்ளுவது போல இருந்தது. மானிட்டரில் நாடி 140. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குவது. இதய ஆபரேஷன் ஆனவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, அதுவும் பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வருகிற கோளாறுதான். டிரிப்ஸில் மருந்து ஏற்றினார்கள், சாயங்காலத்துக்குள் தாளம் சரியாகிவிட்டது. அப்புறம் அமியோடரோன் 200 மில்லிகிராம் மாத்திரை: ஒரு வாரம் மூன்று வேளை, ஒரு வாரம் இரண்டு வேளை, பிறகு தினம் ஒன்று.

டிஸ்சார்ஜ் சம்மரியில் அதற்கு நேரே ‘அடுத்த ரிவ்யூ வரை’ என்று இருந்தது. ஆறாவது வாரம் ரிவ்யூவுக்குப் போனேன். தையலைப் பார்த்தார்கள், எக்கோ எடுத்தார்கள், பிரமாதம் என்றார்கள். சீட்டில் ஒரே வரி: ‘அதே மருந்துகள் தொடரவும்’. வந்த கோளாறு போய்விட்டதே, இந்த மாத்திரை இன்னும் எதற்கு என்று அன்றைக்கு வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உயிரோடு வீட்டுக்கு வந்த மனுஷன் எதைக் கேட்பான்?

அதற்குப் பிறகு மாதாமாதம் தூத்துக்குடியில் அந்தச் சீட்டைக் காட்டினால் மருந்துக்கடைத் தம்பி பத்துப் பத்தாக எடுத்துப் பையில் போட்டுவிடுவான். உள்ளூர் டாக்டரிடம் ஒருமுறை கேட்டேன். “சென்னையில எழுதினது, நான் கை வைக்க முடியாது” என்றார். சர்ஜன் அலுவலகத்துக்குப் போன் போட்டால், நாடித் துடிப்பு சமாச்சாரம் கார்டியாலஜி பார்க்கும் என்றார்கள். கார்டியாலஜியில், ஆரம்பித்தது சர்ஜரி டீம்தானே, அவர்களிடமே கேளுங்கள் என்றார்கள்.

சித்திரையில்தான் பிடித்தது சனி. அக்னி நட்சத்திரத்தில் ஊரே வெந்துகொண்டிருக்கிறது, நான் ஃபேனைக் குறைத்துவிட்டுப் போர்வையைத் தேடுகிறேன். மலச்சிக்கல், குரல் கரகரப்பு, சாப்பிட்ட தட்டைக் கழுவக்கூட அலுப்பு. “ஏங்க, ஆபரேஷன் முடிஞ்ச புதுசுல இதைவிட நல்லா இருந்தீங்களே” என்றாள் மனைவி. அவள் வற்புறுத்தித்தான் தைராய்டு டெஸ்ட் எடுத்தேன். தைராய்டு மந்தமானால் ஏறுகிற டி.எஸ்.எச். அளவு 11.2. அதிகபட்சம் நாலைந்துக்குள் இருக்க வேண்டியது.

நான் வேலை பார்ப்பது உப்புக் கம்பெனி அலுவலகத்தில். கடைக்கு வரும் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது எங்களுக்கு மனப்பாடம். அயோடின் அளவுக்கு மீறினாலும் தைராய்டு மந்தமாகலாம். இந்த மாத்திரை ஒன்றில் இருக்கும் அயோடின் 75 மில்லிகிராம். ஐந்து கிலோ உப்பின் அயோடினைத் தினமும் காலையில் காபிக்கு முன்னால் விழுங்கியிருக்கிறேன்! அத்தனையும் ரத்தத்தில் இறங்காது, தினம் ஆறு மில்லிகிராம் அளவுக்குத்தான் பிரிந்து வரும் என்று பிறகு டாக்டர் சொன்னார். ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேவை 0.15 மில்லிகிராம் என்பதால் எனக்கு அது பெரிய ஆறுதலாக இல்லை. இந்த மருந்து தொடங்கும்போதும், அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் தைராய்டும் ஈரலும் பார்க்க வேண்டுமாம். எனக்குத் தொடங்கும்போது பார்த்தார்களா என்பதற்கே தாள் இல்லை.

தாள் என்றதும் என் மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்னைக்குக் கிளம்பும் முன் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று, ஐ.சி.யு.வில் எடுத்த ஈ.சி.ஜி. தாள்களை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன். “லேமினேட் போட்டுட்டா நூறு வருஷத்துக்கு இருக்கும் அண்ணாச்சி” என்றான் பையன். மிஷினுக்குள் ரோஜா நிறக் கட்டத்தோடு போன தாள், அடுத்த பக்கம் அடைமழை மேகம் மாதிரி கறுப்பாக வந்தது. இரண்டு பேரும் ஒரு நிமிஷம் பேசவில்லை. அது சூடு பட்டால் கறுக்கிற தாள், பஸ் டிக்கெட் அடிக்கிற அதே ரகம். சும்மா வைத்திருந்தாலும் நாளடைவில் வெளுத்துவிடும். ஆகவே வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள், ஒரு நகலும் எடுங்கள். லேமினேஷன் பக்கமே போகாதீர்கள்.

வைகாசியில் முத்துநகர் எக்ஸ்பிரஸில் எழும்பூர் போய் இறங்கினேன். முதல் நாள்தான் போனில் அப்பாயின்ட்மென்ட்டை உறுதி செய்திருந்தேன். கவுன்டரில், “டாக்டர் கான்ஃபரன்ஸ் போயிருக்காரே சார், உங்களுக்கு மெசேஜ் வரலையா?” வரவில்லை. டியூட்டி டாக்டர் பார்த்தார். நல்ல பிள்ளைதான், ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் நாடிக் கோளாறு வந்தது, சரி செய்யப்பட்டது என்று ஒரு வரிதான் இருக்கிறது. என்ன தாளம், எத்தனை மணி நேரம் இருந்தது என்று பார்க்காமல் நிறுத்தச் சொல்ல முடியாது என்றார். நான் கறுப்புத் தாளை நீட்டினேன். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்தது கீழ்த்தளத்தில் ரெக்கார்டு அறை. கேஸ் ஷீட் நகல் வேண்டும் என்றேன். “பத்து நாள் கழிச்சு வாங்க.” ஊர் தூத்துக்குடி என்றேன். “அப்ப கூரியர்ல லெட்டர் போடுங்க.” அவர் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பவே இல்லை. வெளியே வந்து வக்கீலாக இருக்கும் மச்சானுக்குப் போன் போட்டேன். மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளில் இதற்கு இடம் இருக்கிறது, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணத்தைக் கொடுக்க வேண்டும், எழுதிக் கொடுத்து ரசீது வாங்கு என்றார். ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதி, அந்த விதியையும் குறிப்பிட்டு, நகலில் முத்திரை கேட்டேன். முத்திரை குத்துவதற்கு முன்னால் சூப்பர்வைசர் வந்து படித்தார். மறுநாள் மத்தியானம் கட்டணத்தைக் கட்டி கேஸ் ஷீட் நகலை வாங்கினேன். உள்ளே ஈ.சி.ஜி. பளிச்சென்று இருந்தது. கோளாறு நீடித்தது மொத்தமே பதினோரு மணி நேரம்.

இரண்டாவது பயணம் ஆனியில். இந்த முறை டாக்டர் இருந்தார். நாள் முழுக்க ஈ.சி.ஜி. பதிவு செய்யும் சின்னக் கருவியை, 24 மணி நேர ஹோல்டரை, உடம்பில் கட்டினார்கள். கோடம்பாக்கத்தில் அத்தை வீட்டில் குளிக்காமல் ஒரு நாள், அவ்வளவுதான். கோளாறின் சுவடே இல்லை. டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டிவிட்டு, “இதை எப்பவோ நிறுத்தியிருக்கணுமே” என்றார். சீட்டில் அமியோடரோன் மேல் ஒரு கோடு கிழித்தார். அந்தக் கோட்டுக்குத்தான் எட்டு மாதம், இரண்டு ரயில் பயணம்.

தைராய்டுக்கு இப்போது மாத்திரை வேண்டாம், மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். கிளம்பும்போது, வாசல் வரை போனவனைக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். என்னைக் காப்பாற்றியது அதுதான்: “நிறுத்திட்டோம்னு நினைச்சுக்காதீங்க. இது உடம்பை விட்டுப் போக மாசக் கணக்காகும். ஐ.என்.ஆரை அடிக்கடி பாருங்க.”

உலோக வால்வு என்பதால் ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் எனக்கு ஆயுளுக்கும் உண்டு. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்தான் ஐ.என்.ஆர். அது 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும்; ஏறினால் ரத்தக்கசிவு, இறங்கினால் உறைதல். ஆபரேஷன் ஆன புதிதில் ஒரு நாள் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வடிந்தது. பார்த்தால் 4.9. அமியோடரோன் கூட இருந்தால் அசிட்ரோமின் வீரியம் ஏறும் என்று அப்போதே 2 மில்லிகிராமை 1 ஆக்கினார்கள். அப்படியானால் அமியோடரோன் உடம்பிலிருந்து இறங்க இறங்க அந்த வீரியமும் இறங்குமல்லவா? அமியோடரோன் உடலில் பாதியாகக் குறையவே சராசரியாக இரண்டு மாதம் போல ஆகிறது. அதனால் இது ஒரே நாளில் நடக்காது, ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி.

இரண்டாம் வாரம் 2.4. ஐந்தாம் வாரம் 1.8. உள்ளூரில், “முருங்கைக்கீரை சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார்கள். கீரை அதிகமானால் அசிட்ரோமின் வீரியம் குறையும். இல்லை என்றேன். ஏழாம் வாரம் 1.6. “நிஜமாவே கீரை சாப்பிடலையா?” வீட்டு முருங்கை மரத்தைப் பார்த்தே மாசக்கணக்காகிறது ஐயா! உலோக வால்வில் 1.6 என்றால் ரத்தம் கட்டி உறையும் பயம், பக்கவாத பயம். அன்றைக்கே சென்னைக்கு ரிப்போர்ட்டை அனுப்பினேன். அசிட்ரோமை 1.5 ஆக்கி, வாரம் ஒருமுறை டெஸ்ட் பார்த்து, பிறகு 2 ஆக்கினார்கள். அந்த வாசற்படி வார்த்தை இல்லாவிட்டால் நான் மாதம் ஒருமுறைதான் ஊசி குத்திக்கொண்டிருப்பேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் இன்றைக்கே மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நடைப்பயிற்சியில் கூட வரும் ஒருவர், நாடித் துடிப்பைக் குறைக்கும் தன் மெட்டோபுரோலால் மாத்திரையைத் தானாகவே சட்டென்று விட்டுவிட்டு, நாலாம் நாள் படபடப்பும் நெஞ்சுவலியுமாக ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டுமாம். சிலருக்கு அமியோடரோனே நீண்ட நாள் தேவைப்படலாம். நான் சொல்வது, டிஸ்சார்ஜ் அன்றே ஒவ்வொரு மாத்திரைக்கும் எதற்கு, எதுவரை, நிறுத்தச் சொல்ல வேண்டியவர் யார் என்று கேட்டு அந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

போன மாதம் டி.எஸ்.எச். 5.1. போர்வை பீரோவுக்குள் போய்விட்டது. நேற்று மருந்துக்கடையில் தம்பி பழக்கதோஷத்தில் அந்த வெள்ளை அட்டையையும் சேர்த்துப் பையில் போட்டான்.

“அதை வெளியே எடுங்க தம்பி.”

“டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாங்களா சார்?”

கோடு கிழித்த சீட்டை எடுத்து மேஜைமேல் விரித்துக் காட்டினேன்.