ஓடுகிற கிட்டங்கி

காரைக்குடி வீட்டு வளவில் உட்கார்ந்து போனில் எங்கள் மோட்டார் ஹோம், அதாவது உள்ளேயே தங்கிச் சமைத்துக்கொண்டு போகிற வண்டியின் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். சின்ன அயித்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இது அடுப்படி. சரி. இந்தக் கதவு என்னத்துக்கு?" என்றார். குளிக்கிற இடம், கக்கூஸும் அதற்குள்தான் என்றேன். போனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அடுப்புக்கும் அதுக்கும் ரெண்டு முழங்கூட இல்லையேடி. இதுக்கா இம்புட்டுக் காசு?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று வீடு கட்டிய ஊர் இது. வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் போனால்தான் அந்த இடம் வரும். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவள் 28 அடி வண்டிக்குள் எல்லாவற்றையும் அடக்கி, அதற்குக் கடன் வேறு வாங்கியிருக்கிறாள் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

ஆனால் அந்த வண்டி வாங்கியதே அப்பச்சிக்கும் ஆத்தாவுக்குமாகத்தான், என் அப்பா அம்மாவுக்கு. போன சித்திரையில் இரண்டு பேரும் 6 மாதம் இருக்கலாம் என்று மிச்சிகனுக்கு வந்திருந்தார்கள். அப்பச்சிக்குச் சர்க்கரை, முழங்கால் வலி. மணிக்கு ஒரு தடவை காரை நிறுத்த வேண்டும். ஆத்தாவோ ரொட்டிக்கு நடுவில் வைத்துத் தரும் எதையும் சாப்பாடு என்று ஒப்புக்கொள்வதில்லை. நயாகராவுக்குக் கூட்டிப்போன போது தயிர்சாத டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலை ஓய்வறைகளை எண்ணிக்கொண்டே போனோம். திரும்பி வருகிற வழியில் என் வீட்டுக்காரர், இவர்தான் சொன்னார், ஒரு மோட்டார் ஹோம் பார்க்கலாமா என்று.

அமெரிக்காவில் இந்த வண்டிகளை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஏ என்பது பஸ் மாதிரி. பி என்பது வேனுக்குள்ளேயே படுக்கை போட்டது. சி என்றால் லாரி மூக்கு வைத்து, ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு பரணில் படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும். எங்களுக்குச் சி தான் என்று முடிவு செய்திருந்தோம். ஓட்டத் தனி லைசென்ஸ் தேவையில்லை, கார் லைசென்ஸே போதும் என்றதும் அப்பச்சி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. நாங்கள் இருப்பது டெட்ராய்ட்டை ஒட்டிய நோவையில். இந்த வண்டிகளில் பெரும்பாலானவை செய்யப்படும் இந்தியானா மாநிலத்து எல்கார்ட் சுமார் மூன்று மணி நேரப் பயணம்தான். எதற்குச் சொல்கிறேன் என்றால், வண்டிக்குப் பஞ்சமே இல்லாத இடம் அது. விற்கிறவர்களுக்கும்தான்.

முதல் கடைக்கு ஒரு சனிக்கிழமை போனோம். வெட்டவெளியில் நூறு வண்டிகளுக்கு மேல் நிறுத்தியிருந்தார்கள். எல்லாம் பூட்டிக் கிடந்தன. கண்ணாடிக் கட்டிடத்துக்குள் நாலு பேர் காபி டம்ளரோடு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்தார்கள், அது நன்றாகவே தெரிந்தது. இருபது நிமிடம் கழித்து ஓர் இளைஞன் வந்து, "சும்மா பார்க்க வந்தீர்களா?" என்று கேட்டான். இல்லை, வாங்க வந்தோம் என்றேன். தலையாட்டிவிட்டு ஒரு விலைப்பட்டியலைக் கொடுத்தான், எனக்கு இல்லை, இவரிடம். சாவி எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனவன் வேறு ஒரு குடும்பத்தோடு வேறு வண்டியில் ஏறுவதைத் தூரத்தில் பார்த்தோம்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. நம் நிறத்தைப் பார்த்துத்தான் என்று இவரிடம் தமிழில் பொரிந்துகொண்டிருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பச்சி, "நெறமும் இருக்கும். ஆனா அவன் மொதல்ல பாத்தது நம்ம காலை" என்றார்.

அப்பச்சி கொப்புடையம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் 40 வருஷத்துக்கு மேல் பாத்திரக்கடை வைத்திருந்தவர். அன்று காலுறைக்கு மேல் ரப்பர் செருப்பு போட்டிருந்தார். அது அவருக்கே தெரிந்திருந்தது. கடைக்கு வருகிற ஆளை முதலில் காலில் பார்க்க வேண்டும், பெண்பிள்ளையாக இருந்தால் காதில் பார்க்க வேண்டும், அப்புறம் கையில் சிட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல்யாணத்துக்குச் சாமான் பரப்ப நீளச் சிட்டையோடு வருகிறவர்களுக்கு நாற்காலி, காபி, மின்விசிறி. மற்றவர்களுக்கு "வாங்க" மட்டும். இதையெல்லாம் அவர் ஒளிவில்லாமல், தொழில் ரகசியம் சொல்கிற குரலில் சொன்னார். "அந்தப் பய சரியாத்தான் எடை போட்டான். தப்பாப் போட்டுட்டான், அது வேற."

எனக்குச் சட்டென்று சின்ன வயதில் பார்த்த ஒன்று நினைவுக்கு வந்தது. சந்தை நாளில் ஒரு பெண் கடைப்படியில் நின்று மேல்தட்டில் இருந்த பித்தளைத் தூக்குவாளியைக் கேட்பார். கடைப்பையன் கீழ்த்தட்டு எவர்சில்வரையே திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டுவான். அவர் கடைசிவரை படிக்கு மேல் ஏறவில்லை. அப்பச்சியிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்து, அப்புறம் சொல்லவில்லை.

இரண்டாவது கடையில் கொஞ்சம் தயாராகப் போனேன். வண்டிக்குள் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமானும் சேர்த்து எத்தனை பவுண்டு ஏற்றலாம் என்று அதில் இருக்கும். வண்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த எண் சிறிதாக இருக்கலாம், அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நல்ல தண்ணீர்த் தொட்டியில் 40 கேலன் நிரப்பினாலே 330 பவுண்டுக்கு மேல், அதாவது 150 கிலோ. அதற்கு மேல் நாங்கள் ஆறு பேர், அரிசி மூட்டை, ஆத்தாவின் கிரைண்டர். கல்லோடு சேர்த்து அந்தக் கிரைண்டரே ஓர் ஆள் மாதிரி. அதனால் அந்த எண்ணைத்தான் முதலில் கேட்டேன். அங்கே இருந்தவர் நடுத்தர வயது, நல்ல சட்டை. நான் கேட்ட கேள்விக்கு இவரைப் பார்த்துப் பதில் சொன்னார்: "கவலைப்படாதீர்கள் சார், எல்லாம் தாங்கும்." எண்ணைச் சொல்லுங்கள் என்றேன். மறுபடியும் இவரைப் பார்த்து, "உங்கள் வீட்டம்மா விவரமானவர்" என்றார். எண் வரவில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நானே வண்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தேன். நாங்கள் ஆறு பேர் ஏறித் தண்ணீரும் நிரப்பினால் மிச்சம் கிரைண்டருக்கு மட்டுந்தான் இடம்.

ஆனால் அந்தக் கடையில் ஒரு நல்லது நடந்தது. அப்பச்சி முதன்முதலாக அங்கேதான் ஒரு வண்டிக்குள் ஏறினார். பொத்தானை அமுக்கினால் பக்கவாட்டுச் சுவர் வெளியே நகர்ந்து கூடம் அகலமாகும். அதை மூன்று முறை போட்டுப் பார்த்தார். படுக்கை, மேசை, அடுப்பு, பெட்டி வைக்கிற இடம் என்று கைவைத்துப் பார்த்துவிட்டு, "கிட்டங்கி மாதிரியே இருக்கு" என்றார்.

எங்கள் ஐயா, அதாவது தாத்தா, ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, தொழில் செய்யப் போனவர், மொகல் தெருவில். கிட்டங்கி என்கிற ஒரே நீளக் கூடத்தில் பல கடைக்காரர்கள் ஆளுக்கொரு பெட்டியடியோடு (கணக்குப்பெட்டி வைத்த இடம்) உட்கார்ந்திருப்பார்கள். கணக்கெழுதுவதும் கடன் கொடுப்பதும் படுப்பதும் அங்கேயேதான். 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது அதை அப்படியே விட்டுவிட்டு வந்தார். அப்பச்சி கிட்டங்கியைக் கண்ணால் பார்த்ததில்லை, கேட்டதுதான். இருந்தும் அந்தப் பெயர் எங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் இப்போது வண்டியைக் கிட்டங்கி என்றே சொல்கிறார்கள், அர்த்தம் தெரியாமல்.

மூன்றாவது, நாலாவது கடைகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றில் வண்டியைக் காட்டும் முன்பே மாதத் தவணை எவ்வளவு கட்ட முடியும் என்று கேட்டார்கள். இன்னொன்றில் திரும்ப அழைப்பதாகச் சொன்னவர் அழைக்கவே இல்லை.

அப்புறம் வழியை மாற்றினோம். விற்பனை ஆட்களுக்கு வருமானத்தில் பெரும்பகுதி கமிஷன். சனிக்கிழமை வெயில் அடித்தால் பாதி ஊர் பிள்ளைகளோடு வேடிக்கை பார்க்க வரும். யார் எப்போது வாங்குவார் என்று தெரியாமல் ஒவ்வொருவருக்கும் சாவியைத் தூக்கிக்கொண்டு அலைய அவர்களுக்கும் மனம் வராது. சரி, நாம் ஏன் போய் நிற்க வேண்டும்? கடைகளின் இருப்புப் பட்டியலைப் பார்த்து, குறிப்பிட்ட வண்டியின் எண்ணை எழுதி, வரி, பதிவு, ஆவணக் கட்டணம், தயார் செய்யும் கட்டணம் எல்லாம் சேர்த்துக் கையில் சாவி வரும்போது மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு ஐந்து இடங்களுக்கு மின்னஞ்சல் போட்டேன். என் பெயரில்தான் போட்டேன். மிச்சிகனில் விற்பனை வரி 6 சதவீதம், அதை நாமே கணக்குப் போடலாம். மற்ற கட்டணங்கள்தான் கடைக்குக் கடை மாறும். இரண்டு பேர் நேரில் வாருங்கள் என்றார்கள். இரண்டு பேர் பதிலே போடவில்லை. ஒருவர் மட்டும் எண்ணை எழுதி, "செவ்வாய் இருப்பேன்" என்று முடித்திருந்தார். வணக்கம்கூட இல்லை.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தனியார் விளம்பரம் பார்த்து, ஃப்ளின்ட் பக்கம் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனோம். அவரும் மனைவியும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். காபி, பிஸ்கட், ஆத்தாவுக்கு நாற்காலி. எண்ணெய் மாற்றிய தேதி முதல் எந்த முகாமில் எத்தனை இரவு தங்கினார்கள் என்பதுவரை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். நான் கேட்டதற்கு என்னைப் பார்த்தே பதில் சொன்னார். அப்பச்சிக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை, ஆனாலும் இரண்டு பேரும் இன்ஜின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினார்கள். இதுதான் நம் வண்டி என்று மனதுக்குள் எழுதிவிட்டேன்.

காசு கொடுத்துத் தனியாக ஒரு பரிசோதகரை வரவழைத்திருந்தோம், நல்லவேளை. ஓட்டுநர் தலைக்கு மேல் உள்ள படுக்கைப் பரணின் மூலையில் ஈரமானி வைத்தார், முள் ஏறியது. சி வகையில் மழைநீர் இறங்குகிற வழக்கமான இடம் அது. கூரையில் சீல் விட்டு, சுவருக்குள் கட்டை ஊறிப்போயிருந்தது. டயர் பக்கவாட்டில் கடைசி நான்கு எண் எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்று சொல்லும். நோட்டில் புதிது என்று இருந்த டயர்களுக்கு 8 வயது. பெரியவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு அவை புதிதாகத்தான் தோன்றியிருக்க வேண்டும். முகம் வாடி நின்றார். திரும்பும் வழியில் அப்பச்சி, "தங்கமான மனுசன். சரக்கு வேண்டாம்" என்றதோடு சரி.

செவ்வாய்க்கிழமை ஒற்றை வரிக்காரரிடம் போனோம். ஃபோர்டு இ-450 அடிச்சட்டத்தில் கட்டிய, மூன்று வயதான சி வகை. அவர் சாவியை மேசையில் வைத்துவிட்டு, "சுற்றிப் பாருங்கள், மதியச் சாப்பாட்டுக்குப் போகிறேன்" என்று கிளம்பிவிட்டார். எங்கள் வாழ்நாளில் கிடைத்த சிறந்த விற்பனைச் சேவை அது. ஒன்றரை மணி நேரம் நிதானமாக ஒவ்வொரு கதவையும் திறந்தோம், ஒவ்வொரு மூலையையும் அழுத்தினோம். ஸ்டிக்கர் எண் அரிசி மூட்டைக்கும் கிரைண்டருக்கும் சேர்த்தே இடம் கொடுத்தது. பரிசோதகரும் சரி என்றார். கையெழுத்துப் போடும் அறையில் மட்டும் திடீரென்று எல்லோருக்கும் அன்பு பொங்கியது. கூடுதல் வாரண்டி, டயர் காப்பீடு, துணிக்கு ஏதோ பூச்சு. வேண்டாம், வேண்டாம், வேண்டாம்.

வண்டி எடுக்கும் நாளில் எல்லாவற்றையும் விளக்கியவர் விற்பனை ஆள் இல்லை, பட்டறையிலிருந்து வந்த மெக்கானிக். நகக்கண்ணில் கிரீஸ். இரண்டரை மணி நேரம் கற்றுக்கொடுத்தார். கழிவுத் தொட்டிகள் இரண்டில் கறுப்பை, அதாவது கக்கூஸ் தொட்டியை முதலில் திறக்க வேண்டும், அப்புறம் குளியல் தண்ணீரைத் திறந்தால் அது குழாயைக் கழுவிக்கொண்டு போகும். பனி விழும் முன்பு குழாய்களில் இருக்கும் தண்ணீரை வடித்து இளஞ்சிவப்பு உறைதடுப்பு நீரை ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் குழாய் வெடித்துவிடும். கறுப்புத் தொட்டி எது என்று நான் மொழிபெயர்த்ததும் ஆத்தா இவரைப் பார்த்தார். இன்றுவரை அந்த வேலை இவருடையதுதான்.

அயித்தையிடம் இவ்வளவும் சொல்லவில்லை. மிச்சிகனின் மேக்கினா பாலத்துக்கு முன்னால் அப்பச்சி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வெள்ளைப் பணியாரம் சாப்பிடும் படத்தை மட்டும் காட்டினேன். அதை இரண்டு தடவை பார்த்தார்.

மறுநாள் சாயங்காலம் அப்பச்சியோடு கடைக்குப் போனேன். இப்போது அண்ணன் நடத்துகிறார். அப்பச்சி பழைய வழக்கப்படி கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஓர் அம்மா படியேறி வந்து மேல்தட்டைக் காட்டி ஏதோ கேட்டார். பையன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "அது வெலை சாஸ்திம்மா" என்றான்.

"ஏணியப் போட்டு எறக்குடா" என்றார் அப்பச்சி.

பையன் முனகிக்கொண்டே நாலு தூக்கை இறக்கினான். அந்த அம்மா ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார், மூடியைத் திருகிப் பார்த்தார், விலை கேட்டார், "அப்புறம் வாரேன்" என்று படியிறங்கிப் போய்விட்டார். பையன் அப்பச்சியைப் பார்த்தான். அப்பச்சி என்னைப் பார்க்காமல், "மேல எடுத்து வை" என்றார்.