எடை ஏறலையே சிஸ்டர்

“எடைதான் ஏறலையே சிஸ்டர், அப்புறம் எதுக்கு இந்த டேப்பு?” என்று, சிறுநீரகம் செயலிழந்து எங்களிடம் டயாலிசிஸுக்கு வரும் அவர் கேட்டார். “சும்மா ரெக்கார்டுக்குத்தான் சார்” என்றேன். அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

டயாலிசிஸ் முடிந்து, உடலில் தேங்கிய நீர் இறங்கிய பிறகுதான் அளந்தேன். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் வயிற்றுச் சுற்றளவு 98 செ.மீ. வந்தது. ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) இல்லாத கையில் மேற்கைச் சுற்றளவு முன்பைவிடக் குறைந்திருந்தது. டிரை வெயிட், அதாவது கூடுதல் நீர் போன பிறகுள்ள எடை, மட்டும் அதே 64 கிலோ. சட்டைக்கை தொளதொளவென்று தொங்கியது. வயிற்றருகே பொத்தான் இழுபட்டு நின்றது. கையில் சதை கரைந்திருக்கிறது, வயிற்றில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. தராசில் அது தெரியவே தெரியாது.

டயாலிசிஸில் இருப்பவர்களின் உயிரை அதிகம் பறிப்பது இதய நோய்தான். ஆனால் ஊருக்கெல்லாம் சொல்லும் ‘எடையைக் குறை’ இங்கே அப்படியே செல்லாது. பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) சற்றுக் கூடுதலாக இருப்பவர்கள் அதிக நாள் வாழ்வதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். வயிற்றுச் சுற்றளவு கூடினாலோ ஆபத்தும் கூடுகிறது. தெற்காசிய ஆண்களுக்குச் சொல்லப்படும் 90 செ.மீ. எல்லைகூடப் பொதுமக்களுக்காக வகுத்ததுதான், டயாலிசிஸில் இருப்பவர்களுக்கென்று வகுத்ததல்ல.

இதையெல்லாம் அந்த நாற்காலி அருகே நின்று எப்படிச் சொல்வது? ‘வயிறு கூடியிருக்கு’ என்றால் அன்றைக்கே சாப்பாட்டைக் குறைத்துவிடுவார். ஒவ்வொரு டயாலிசிஸிலும் கொஞ்சம் அமினோ அமிலம் வெளியே போகிறது. புரதம் குறைந்தால் இருக்கிற சதையும் போகும். அதை நினைத்துத்தான் மழுப்பினேன். டாக்டரிடம் இரண்டு அளவையும் சொன்னேன். டயட்டீஷியனைப் பார்க்க எழுதிக் கொடுத்தார். முறைப்படி எதுவும் விட்டுப்போகவில்லை.

ஆனாலும் அவர் கேட்டது என்னிடம்தானே. வாரம் மூன்று நாள் ஊசி குத்தக் கையை நீட்டுகிறவருக்கு, தன் இன்னொரு கை மெலிந்ததைத் தெரிந்துகொள்ள உரிமை இல்லையா? “சாப்பாட்டைக் குறைக்காதீங்க சார், கையில சதை குறையுது, அதைத்தான் பார்க்கிறோம்” என்று தொடங்கியிருக்கலாம். அதற்கும் அவர் பயந்திருப்பாரோ என்னவோ. அடுத்த வாக்கியமாக வயிற்றைப் பற்றி எப்படிச் சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். இன்னும் சரியாக வரவில்லை.